ஆறு தமிழ் பேசியது எப்படி?

மஸ்கெலியாவைக் கடந்து, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாய் வளைந்து வளைந்து செல்லும் பாதையில் சென்றால் நல்லதண்ணியை அடையலாம். ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் யாவரும் அறிந்த ஊர் அது. மார்கழி மாதத்துப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரையில் அங்கு இரவும் பகலும் ஒன்றே. மலையுச்சி மட்டும் தீபமாலை கட்டியது போல விளக்குகள் ஒளிரும். மற்றை மாதங்களிலோ மழையும் பனியும் தேயிலையும்தான். பெயருக்கேற்ப நல்ல தண்ணீர் ஓடைகள் மலையிலிருந்து இறங்கிய வண்ணமிருக்கும்.

யாத்திரைக் காலமல்லாத ஒரு தீபாவளியின் போது நாம் அங்கே சென்றிருந்தோம். பழைய லயம் ஒன்றின் இஸ்தோப்பில் அமர்ந்து, நண்பர் ஒருவர் வீட்டுப் பலகாரத்தைச் சுவைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு வழக்கு நம் முன் வைக்கப்பட்டது. வாதியும் பிரதிவாதியும் அக்காளும் தம்பியும். தம்பி ஐம்பது வயதை எட்டுபவர். கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்ப்பவர். அக்காள் நல்லதண்ணியை விட்டு நீங்காதவர். நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இருவருக்குமிடையே நாற்பது ஆண்டுகளாகத் தீராதிருந்த அந்த வழக்கு காணியைப் பற்றியதன்று, நகையைப் பற்றியதுமன்று. சிறு வயதில் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு கேலிச்சித்திரப் படத்தைப் பற்றியது!

வழக்கின் விவரம்

"ஒரு வயசான வைத்தியர். பலகையாலே செய்த ஆகாயக் கப்பலிலே பறப்பார். கடலுக்குப் போகப் பயப்படுகிற ஓர் ஆற்றுக்கு அவர் தைரியம் சொல்லுவார். அந்த ஆறு தமிழிலேதான் பேசியது. அதன் பெயர்கூட நல்லதண்ணி!" என்றார் தம்பி.

"ஆறு வந்தது உண்மை. ஆனால் ரூபவாஹினியிலே அது சிங்களப் படம், தம்பி. சிங்களப் படத்திலே ஆறு எப்படித் தமிழ் பேசும்?" என்றார் அக்காள்.

இருவரும் அந்தப் படத்தை முழுமையாகப் பார்த்தவர்களல்லர். அக்காலத்தில் அவர்களுடைய லயத்தில் மின்சாரம் இல்லை. தொங்கல் காம்பராவில் குடியிருந்தவரின் மகன் கொழும்பிலிருந்து வாங்கி வந்த தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று மட்டுமே இருந்தது. அதனை இயக்க மோட்டார் வாகன பற்றரி வேண்டும். மஸ்கெலியாவுக்குத் தூக்கிச் சென்று மின்னேற்றி வந்த பற்றரி சில நாட்களே தாங்கும். சக்தி குறையக் குறையப் படம் நான்கு ஓரங்களிலுமிருந்து சுருங்கத் தொடங்கும். பின்னர் வெள்ளைப் புள்ளியாகி மறைந்துவிடும். அன்றும் அவ்வாறே, ஆறு கடலுக்குப் போயிற்றா இல்லையா என்பது தெரியுமுன்னே படம் மறைந்துவிட்டது.

அந்தப் பெட்டிக்கு உரியவர்களைக் கேட்டால் தீராதா என வாசகர்கள் வினவலாம். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜாவுரிமை பெற்ற குடும்பம் அது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பற் சேவை 1984ஆம் ஆண்டில் நின்றுபோன பின்பும் அவர்கள் சிறிது காலம் இங்கேயே காத்திருந்தனர். பிறகு ஒருநாள் பெட்டியையும் விற்றுவிட்டுப் போய்விட்டனர். அந்த இஸ்தோப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து படம் பார்த்த பிள்ளைகளில் பாதிப்பேர் இன்று எங்கிருக்கிறார்களோ! சாட்சிகள் சிதறிப்போன வழக்கு இது.

"படத்தைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?" என்று நாம் கேட்டோம். தம்பி சிறிது நேரம் பேசாதிருந்தார். "அந்த ஆற்றின் குரல் இன்னும் என் காதிலே இருக்கிறது, ஐயா. அது யாருடைய குரல் என்று தெரியவேண்டும்" என்றார்.

மலையுச்சியிலிருந்து வந்த படம்

இலங்கையில் முதன்முதலாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பானது 1979ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி. அது கொழும்பையும் அதன் சுற்றுப்புறங்களையும் மட்டுமே எட்டிய சிறு முயற்சி. தீவு முழுவதற்குமான ஒளிபரப்பு, ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி பணி தொடங்கிய பின்னரே கிட்டியது. அதன் பிரதான அஞ்சற் கோபுரம் நுவரெலியாவில், இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையின் உச்சியில் நின்றது. 2,524 மீற்றர் உயரத்திலிருந்து புறப்பட்ட அலை, மலைகளின் தலைக்கு மேலாகத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. மின்சாரம் வராத லயத்துக்குத் தொலைக்காட்சி வந்த விந்தை இவ்வாறு நிகழ்ந்ததே.

ரூபவாஹினியின் அத் தொடக்க காலத்தில் பிறநாட்டுச் சிறுவர் படங்களுக்குச் சிங்களக் குரல் கொடுத்து உயிரூட்டியவர் டைட்டஸ் தொட்டவத்த (1929-2011). லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் எடுத்த 'ரேகாவ' படத்தின் தொகுப்பாளர். 'சண்டியா', 'ஹந்தயா' முதலிய படங்களின் நெறியாளர். அவர் பிறமொழிப் படத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. அந்தப் பாத்திரங்களைச் சிங்களக் கிராமத்து மனிதர்களாகவே பேசவைத்தார். அமெரிக்க முயலாகிய பக்ஸ் பனி அவர் கையில் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆயிற்று. ஹாவா என்றால் சிங்களத்தில் முயல். மூலப் பெயரை அறியாமலே ஒரு தலைமுறை அந்த முயலோடு வளர்ந்தது.

பழைய படத்தைத் தேடுவோர் முதலில் உணரவேண்டியது இதனையே. நம் நினைவிலிருக்கும் பெயர், படத்தை ஆக்கியவன் இட்ட பெயராக இருக்கவேண்டுமென்பதில்லை. வழியில் வேறொருவர் சூட்டிய பெயராகவும் இருக்கலாம்.

இரண்டு காகிதங்கள்

நாம் ஓர் உபாயம் செய்தோம். அக்காளையும் தம்பியையும் தனித்தனியே அமர்த்தி, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேளாதபடி, இரண்டு காகிதங்களில் குறித்துக்கொண்டோம். "வைத்தியர் தொப்பி அணிந்திருந்தாரா?" என்பது போன்ற கேள்விகளைத் தவிர்த்து, "என்ன நினைவிருக்கிறது?" என்று மட்டுமே கேட்டோம்.

இதற்குக் காரணமுண்டு. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் எலிசபெத் லோஃப்டஸ், ஜோன் பால்மர் என்னும் இருவர் ஒரு சோதனை நடத்தினர். வாகன விபத்துப் படமொன்றைக் காட்டிவிட்டு, ஒரு சாராரிடம் வாகனங்கள் 'இடித்தபோது' வேகம் என்ன என்றும், மற்றொரு சாராரிடம் 'மோதி நொறுங்கியபோது' வேகம் என்ன என்றும் கேட்டனர். ஒரு வாரத்துக்குப் பின், உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று வினவினர். 'இடித்தது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் கண்டதாகக் கூறினர். 'நொறுங்கியது' என்று கேட்கப்பட்ட 50 பேரிலோ 16 பேர் கண்டதாகக் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! கேள்வியிலிருந்த ஒரு சொல், இல்லாத கண்ணாடியை உடைத்துவிட்டது.

காகிதங்களை ஒப்புநோக்கினோம். முதிய வைத்தியர், அவர் புதுப்புது யந்திரங்களைச் செய்வது, மரத்தாலான ஆகாயக் கப்பல், பூனைகளுக்கு வைத்தியசாலை நடத்தும் ஒரு பாட்டி, அச்சமுற்ற ஆறு ஆகிய ஐந்தும் இரண்டிலும் இருந்தன. வைத்தியருக்கு உதவியாளாக இருந்த விலங்கை அக்காள் 'கீரி' என்றார். தம்பி 'சின்னப் பன்றி' என்றார். ஆறு தமிழ் பேசியது என்பது தம்பியின் காகிதத்தில் மட்டுமே இருந்தது. ஆயினும் அக்காளின் காகிதத்தில் வேறொரு வரி இருந்தது: "அன்றைக்கு அம்மா வாசற்படியிலே நின்றுகொண்டிருந்தாள்." அப்போது அதனை நாம் பெரிதாக எண்ணவில்லை.

முதலில் நமக்குத் தோன்றியது புரொபெசர் பல்தசார் என்னும் படம். அக்காலத்து யூகோஸ்லாவியாவின் சாகிரெப் நகரத்து ஓவியர்கள் 1967 முதல் வரைந்தது. அதிலும் ஒரு முதிய விஞ்ஞானி உண்டு. ஊராரின் துயரைத் தீர்க்க யோசித்து யோசித்து நடப்பார். அவருடைய யந்திரத்திலிருந்து வண்ணத் துளி சொட்டும். ஆனால் பூனை வைத்தியசாலைப் பாட்டி அங்கில்லை. மரக் கப்பலும் இல்லை. ஐந்து அடையாளங்களில் ஒன்று பொருந்திவிட்டது என்பதற்காக மற்றவற்றை வளைத்துப் பொருத்துதல் தகாது. ஆகவே அவரை விட்டுவிட்டோம்.

விடை வந்த விதம்

விடை கொழும்பிலிருந்து வந்தது. தீபாவளி விடுமுறை முடிந்து கடைக்குத் திரும்பிய தம்பி, தம்மோடு வேலை செய்யும் சிங்கள நண்பரிடம் காகிதத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாராம். அதுவரையில் அவர் தமிழரிடம் மட்டுமே கேட்டு வந்திருக்கிறார். தமிழ்ப் படம் என்று நம்பியவர் வேறு யாரைக் கேட்பார்? பலகைக் கப்பல் என்றவுடனேயே அந்த நண்பர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, "தொஸ்தர ஹொந்த ஹித!" என்று கூவினாராம். ஹொந்த ஹித என்றால் நல்ல மனம். நல்மனத்து வைத்தியர்! ஒரே வயதுடைய அவ்விருவரும், ஒருவர் தென்மாகாணத்துக் கிராமத்திலும் மற்றவர் நல்லதண்ணி லயத்திலுமாக, ஒரே காலத்தில் ஒரே படத்தைப் பார்த்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் அருகருகே நின்று சாமான் நிறுத்தும் அவர்களுக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது.

பெயர் கிடைத்தபின் மூலத்தை அறிவது எளிதாயிற்று. அது 'டொக்டர் ஸ்னகிள்ஸ்' என்னும் படம். ஜெஃப்ரி ஓ'கெல்லி என்பவரின் கற்பனையில் பிறந்து, ஒல்லாந்து நிறுவனமொன்றின் தயாரிப்பாக 1979ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. 13 கதைகள் கொண்டது. ஆங்கில மூலத்தில் வைத்தியருக்குக் குரல் கொடுத்தவர் புகழ்பெற்ற நடிகர் பீட்டர் உஸ்தினோவ். மரக் கப்பல், பூனைகளுக்கு வைத்தியசாலை நடத்தும் பாட்டி, எல்லாம் அங்கே இருந்தன. கீரியா பன்றியா என்று வழக்காடிய அந்த விலங்கு, இரண்டுமன்று. பேட்ஜர் எனப்படும், வளை தோண்டி வாழும் பிராணி. நம் தீவில் இல்லாதது.

கேம்பிரிட்ஜ் அறிஞர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இத்தகைய மயக்கத்தை ஆராய்ந்திருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயருக்குக் கொடுத்து, பின்னர் திருப்பிச் சொல்லச் செய்தார். கதையிலிருந்த குடைமரத் தோணி, சொல்வோர் வாயில் சாதாரணப் படகாயிற்று. நீர்நாய் போன்ற கடற்பிராணியை வேட்டையாடச் சென்றவர்கள் மீன்பிடிக்கச் சென்றவர்களாயினர். அறியாததை அறிந்ததாக மாற்றியே மனம் தன் பெட்டகத்தில் வைக்கின்றது. மலைநாட்டுச் சிறுமியின் மனம் பேட்ஜரைக் கீரியாக்கியதில் வியப்பென்ன?

அஞ்சிய ஆற்றின் கதையும் அந்த 13இல் ஒன்று. அதனை எழுதியவர்கள் டக்ளஸ் அடம்ஸ், ஜோன் லொயிட் என்னும் இருவர். விண்வெளியைப் பற்றிய நகைச்சுவைக் கதைகளால் பின்னர் உலகப் புகழ் பெற்ற அதே அடம்ஸ்தான். கடலின் துண்டங்கள் காணாமற் போகின்றன. அதனால் ஆறு கடலை அடைய அஞ்சுகின்றது. வேற்றுலகத்தார் அந்நீரைக் கொண்டுபோகிறார்கள். 'நீங்கள் குப்பையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவதைக் கண்டு, உங்களுக்குக் கடல் தேவையில்லை போலும் என்றெண்ணினோம்' என்பது அவர்கள் கூறும் நியாயம். யாத்திரைக் காலம் முடிந்தபின் நல்லதண்ணி ஓடைக்கரைகளில் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்களைக் கண்டவர்களுக்கு அந்த நியாயம் நன்கு விளங்கும்.

குரல் யாருடையது?

அடுத்த பௌர்ணமி விடுமுறையில் தம்பி ஊருக்கு வந்தார். அக்காளும் தம்பியும் நாமுமாகக் கைப்பேசியின் சிறு திரையில் அந்தக் கதையின் ஆங்கில மூலத்தைப் பார்த்தோம். தம்பியின் முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டிலும் ஏமாற்றமே மிகுந்திருந்தது. ஆறு ஆங்கிலத்தில் பேசியது. அதன் பெயரும் நல்லதண்ணி அன்று. நொபி என்று ஏதோ ஒரு பெயர்.

"நான் சொன்னேனே, தமிழ் இல்லையென்று" என்றார் அக்காள்.

"பின்னே, 'நல்லதண்ணிப் பிள்ளை பயப்படலாமா? கடலம்மா உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா' என்று யார் சொன்னது? அது என் காதிலே இருக்கிறதே!" என்றார் தம்பி.

அக்காள் அவரையே பார்த்தார். பிறகு மிக மெல்லிய குரலில், "தம்பி, அது அம்மா" என்றார்.

அப்போதுதான் அந்தக் காகிதத்தின் வரி நம் நினைவுக்கு வந்தது: அன்றைக்கு அம்மா வாசற்படியிலே நின்றுகொண்டிருந்தாள்.

அக்காள் விவரித்தார். அந்நாட்களில் தோட்டத்துச் சிறு பிள்ளைகளுக்குச் சிங்களம் தெரியாது. அம்மாவுக்கோ கடைத்தெருவில் பேரம் பேசுமளவுக்குத் தெரியும். மலையிலிருந்து கொழுந்துக்கூடையை இறக்கிவைத்து, அடுப்பை மூட்டிவிட்டு, பிள்ளைகளை அழைத்துப்போக வருவார். வந்தவர் உள்ளே அமர்வதில்லை. வாசற்படியில் நின்றபடியே, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும், திரையில் தெரிவதற்கெல்லாம் தமிழில் பேச்சுக் கொடுப்பார். நரி வந்தால் நரியாகப் பேசுவார்; கிழவி வந்தால் கிழவியாகப் பேசுவார். பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டே அவர் குரலைக் கேட்பர். அன்றும் அப்படித்தான். படம் மறைந்தபின் அழுத சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, லயத்துக்குப் போகும் இருட்டு வழியில் மிச்சக் கதையையும் அவரே சொல்லி முடித்திருக்கிறார். ஆறு கடலுக்குப் போயிற்றாம். கடலம்மா அதன் முகத்தைத் துடைத்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாளாம்.

தம்பிக்கு அப்போது ஏழு வயது. அதற்குச் சில ஆண்டுகளின் பின் அந்தத் தாய் காலமாகிவிட்டார். அவர் குரலைப் பதிந்துவைக்க அக்குடும்பத்தில் எந்தக் கருவியும் இருந்ததில்லை. நிழற்படமும் அடையாள அட்டைக்கென எடுத்தது ஒன்றே. அம்மாவின் குரல் தமக்கு நினைவில்லை என்றே தம்பி நாற்பது ஆண்டுகள் எண்ணி வருந்தியிருக்கிறார். நாற்பது ஆண்டுகளும் அது அவர் காதிலேயே இருந்தது. ஆனால் அதனை ஓர் ஆற்றின் குரலென்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வைத்தியருக்கு ஆங்கிலக் குரல் கொடுத்தவரின் பெயர் உலகறிந்தது. சிங்களத்தில் அவரைப் பேசவைத்தவரின் பெயரை இலங்கை அறியும். தமிழில் பேசிய அம்மையாரின் பெயர் எந்தப் படத்தின் எழுத்து வரிசையிலும் ஏறியதில்லை. அவருடைய ரசிகர் கூட்டம், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பிள்ளைகளே.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

மவுஸ்ஸாக்கலை அணை கட்டப்பட்ட 1960களின் பிற்பகுதியில் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் மூழ்கிற்று. மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில், அந்நகரின் பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளியே தெரியும். மக்கள் சென்று பார்த்து வருவர். நினைவும் அத்தகையதே. முழுதும் அழிவதில்லை, முழுதும் தெரிவதுமில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதேனும் ஒரு பழைய படத்தையோ கதையையோ பாதி நினைவோடு சொல்வார்களாயின், 'அப்படி ஒன்று இருந்திருக்காது' என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு காகிதத்தை எடுங்கள். நீங்கள் எதையும் எடுத்துக்கொடாமல், அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அவர்களோடு சேர்ந்து பார்த்தவரிடம் தனியே கேட்டு மற்றொரு காகிதத்தில் எழுதுங்கள். வேற்றுமொழி பேசும் அயலவரிடமும் கேளுங்கள். விடை அவரிடமே இருக்கலாம். பின்னர், மூலம் கிடைத்ததும், பொருந்தாத வரிகளைப் பிழையென்று கருதி அடித்துவிடாதீர்கள். அவை எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள்.

தம்பி கொழும்புக்குத் திரும்பும் நாளில், பேருந்து நிலையம் வரை நாமும் உடன் சென்றோம். அக்காளின் பேத்தி, ஐந்து வயதுச் சிறுமி, பாலத்தருகே நின்று ஓடையைக் காட்டி, "இது எங்கே போகுது, தாத்தா?" என்று கேட்டாள். அவ்வோடைகள் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, மஸ்கெலி ஓயாவாகி, களனி கங்கையாகிக் கொழும்பருகே கடலில் கலப்பதை அவர் நன்கறிவார். நாள்தோறும் களனிப் பாலத்தைக் கடந்தே வேலைக்குப் போகிறவர். ஆயினும் அதனை அவர் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "கடலம்மா காத்துக்கிட்டு இருக்கா, அங்கேதான் போகுது" என்றார்.